ஹாரி டீன் ஸ்டாண்டன்: முகம் தெரியும், பெயர் வராது என்பவர்களுக்கான கேள்வி பதில்

நண்பர்களுக்குப் படம் போட்டுக் காட்டுகிற பழக்கம் எனக்கு உண்டு. பழைய அமெரிக்கப் படம் எதைப் போட்டாலும் யாராவது ஒருவர் திரையைக் காட்டி, “இந்த ஆளை எங்கேயோ பார்த்திருக்கேனே” என்பார். ஒட்டிய கன்னம், தூக்கம் கெட்ட கண், துவைத்துத் துவைத்து வெளுத்த சட்டை. அநேகமாக அது ஹாரி டீன் ஸ்டாண்டன்தான். படம் முடிந்த பிறகு வரும் சந்தேகங்களும் திரும்பத் திரும்ப ஒன்றாகவே இருப்பதால், கேட்டவர்கள் கேட்ட மாதிரியே எழுதிப் பதிலும் சேர்த்து வைக்கிறேன். கதை முடிவுகள் சில வெளிப்பட்டுவிடும். அது பிடிக்காதவர்கள் கடைசிக் கேள்வியை மட்டும் படித்துவிட்டுப் படங்களைப் பார்க்கப் போகலாம்.

யாருங்க இவர்? ஒரு வரியில சொல்லுங்க.

1950களின் நடுவில் தொடங்கி 2017இல் இறக்கும்வரை நடித்துக்கொண்டே இருந்த அமெரிக்கக் குணச்சித்திர நடிகர். நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள், அதுபோக ஏராளமான தொலைக்காட்சித் தொடர்கள். அத்தனையிலும் கதையைத் தோளில் சுமந்தது இரண்டே இரண்டு படங்களில்தான் என்று சொல்லலாம். 1984இல் வந்த ‘பாரிஸ், டெக்சாஸ்’, 2017இல் வந்த ‘லக்கி’. இரண்டுக்கும் நடுவே 33 வருஷம்.

குணச்சித்திர நடிகர்னா துணை நடிகர்தானே? என்ன பெரிய வித்தியாசம்?

நம் ஊர்ப் பேச்சில் துணை நடிகர் என்றால் கூட்டத்தில் நிற்பவர் வரைக்கும் அடக்கம். குணச்சித்திர நடிகருக்குக் கதையில் ஒரு ஆள் இருப்பார், அந்த ஆளுக்கென்று ஒரு போக்கு இருக்கும். கதாநாயகன் எங்கே போகிறான் என்பதைத்தான் கதை துரத்தும். குணச்சித்திர நடிகர் வழியில் எதிர்ப்படுகிறவர். அவருக்குக் கிடைப்பது நாலு நிமிஷம். அந்த நாலு நிமிஷத்துக்கு முன்பும் இந்த ஆள் எங்கேயோ வாழ்ந்துகொண்டிருந்தான் என்று நம்மை நம்ப வைக்க வேண்டும்.

அந்த நம்பிக்கையைப் பெரும்பாலான நடிகர்கள் எதையாவது சேர்த்துத்தான் உண்டாக்குவார்கள். ஒரு இழுவைப் பேச்சு, ஒரு நடை, ஒரு கைப்பழக்கம். ஸ்டாண்டன் இருப்பதையும் கழித்துக்கொண்டே போவார். இந்தப் பக்கத்தில் நான் சொல்ல வருவது முக்கால்வாசி இதைப் பற்றித்தான்.

எந்த ஊர்க்காரர்? சினிமாக் குடும்பமா?

சினிமாவுக்கும் அந்தக் குடும்பத்துக்கும் சம்பந்தமே இல்லை. 1926 ஜூலை 14 அன்று கென்டக்கி மாநிலத்தில் வெஸ்ட் இர்வைன் என்கிற சின்ன ஊரில் பிறந்தார். அப்பா புகையிலை பயிரிட்டவர், முடிதிருத்தும் வேலையும் பார்த்தவர். இரண்டாம் உலகப் போரில் ஸ்டாண்டன் கடற்படையில் சமையல்காரர். டாங்கிகளைக் கரையிறக்கும் கப்பல் ஒன்றில், 1945 ஒக்கினாவா சண்டையின்போது அங்கே இருந்தார். இந்தச் சமையல் வேலையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், ‘லக்கி’ பற்றிய கேள்வியில் திரும்ப வரும்.

போர் முடிந்து லெக்சிங்டனில் கென்டக்கிப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். இதழியலும் வானொலியும் படிக்கப் போனவர் அங்கிருந்த நாடக அரங்கில் ‘பிக்மேலியன்’ நாடகத்தில் நடித்தார். படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு கலிஃபோர்னியாவின் பசடேனா பிளேஹவுஸுக்குப் போய்விட்டார். நடிகர்களை உருவாக்குவதில் அன்றைக்குப் பெயர் பெற்ற இடம் அது.

பழைய படங்கள்ல டைட்டில்ல ‘டீன் ஸ்டாண்டன்’னு வருது. வேற ஆளா? அப்புறம் டீன் ஸ்டாக்வெல் யாரு?

முதலாமவர் இவரேதான். ஹாரி ஸ்டாண்டன் என்ற பெயரில் ஏற்கெனவே ஒரு நடிகர் இருந்ததால், குழப்பம் வேண்டாமென்று கொஞ்ச காலம் டீன் ஸ்டாண்டன் என்று போட்டுக்கொண்டார்.

டீன் ஸ்டாக்வெல் முற்றிலும் வேறு ஆள், குழந்தை நட்சத்திரமாக வந்தவர். ‘பாரிஸ், டெக்சாஸ்’ படத்தில் ஸ்டாண்டனுக்குத் தம்பியாக வருவது அவர்தான். ஒரே படத்தில் அண்ணன் தம்பியாக இரண்டு டீன்கள் இருந்தால் யாருக்குத்தான் குழம்பாது.

ஆரம்பத்துல என்ன மாதிரி வேஷம் கிடைச்சுது?

குதிரை, துப்பாக்கி, தாடி. 1956இல் ஹிட்ச்காக்கின் ‘தி ராங் மேன்’ படத்தில் பெயர்கூடப் போடாத அளவுக்குத் தலைகாட்டினார். அதன் பிறகு பத்து வருஷத்துக்கு மேல் தொலைக்காட்சியில் வந்த வெஸ்டர்ன் என்கிற கௌபாய்க் கதைகளில்தான் பிழைப்பு. ‘கன்ஸ்மோக்’ தொடரில் மட்டும் வெவ்வேறு ஆளாகப் பல முறை வருவார். வாரம் ஒரு கெட்டவன் தேவைப்பட்ட காலம் அது. இவருடைய முகவெட்டைப் பார்த்ததுமே அந்த வேலையைக் கொடுத்துவிட்டார்கள்.

1967இல் ‘கூல் ஹேண்ட் லூக்’ வந்தது. பால் நியூமன் கதாநாயகன், இவர் சிறையில் கிதாரோடு பக்திப் பாட்டு பாடுகிற கைதி. பேச்சு குறைவு, பாட்டுதான் அதிகம். பாடகர் ஸ்டாண்டனைத் திரையில் கவனிக்க ஆரம்பிக்க நல்ல இடம்.

ஜாக் நிக்கல்சன்தான் இவருக்கு நடிப்பு சொல்லிக் கொடுத்தார்னு கேள்விப்பட்டேன். நிஜமா?

சொல்லிக் கொடுத்தார் என்பது அதிகம். ஒரு யோசனை சொன்னார், அது ஒட்டிக்கொண்டது. இருவரும் நெருங்கிய நண்பர்கள், ஒரே வீட்டில் தங்கியவர்கள், நிக்கல்சனின் கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழனே ஸ்டாண்டன்தான். நிக்கல்சன் பெரிய நட்சத்திரமாவதற்கு முன்பு மான்டி ஹெல்மன் இயக்கத்தில் ‘ரைடு இன் தி வேர்ல்விண்டு’ என்று ஒரு சிக்கனமான வெஸ்டர்ன் எழுதினார். அதில் ஒற்றைக்கண் கொள்ளைக்காரன் வேஷத்தை ஸ்டாண்டனுக்குக் கொடுத்தபோது, ‘நீ ஒண்ணும் செய்யாதே. உடுப்பு நடிக்கட்டும், நீ நீயாக இரு’ என்கிற பொருளில் சொன்னாராம். தன் போக்கையே மாற்றியது அதுதான் என்று ஸ்டாண்டன் பிற்காலத்தில் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

படத்தைப் பார்த்தால் அந்த யோசனை எவ்வளவு நடைமுறையானது என்பது புரியும். கண்ணில் கறுப்புத் திரை, தலையில் தொப்பி. கொள்ளைக்காரன் என்பதை இவை இரண்டுமே சொல்லிவிடுகின்றன. அதற்கு மேல் முகத்தையும் முறுக்கினால் ஒரே சேதியை இரண்டு தடவை சொன்னது போல ஆகிவிடும். அதனால் அந்த ஆள் சாதாரணமாகப் பேசுகிறான். அதுதான் பயமாக இருக்கிறது.

‘ஏலியன்’ல பூனையைத் தேடிப் போய் சாகிறவர் இவர்தானே?

ஆமாம், பிரெட். விண்வெளிக் கப்பலின் இன்ஜின் பக்கத்து ஆள். ஹவாய் சட்டையும் தொப்பியும் போட்டுக்கொண்டு, கூட்டாளி பார்க்கர் எதைச் சொன்னாலும் “ரைட்” என்பார். ஒரு கட்டத்தில் கப்பலின் அதிகாரி ரிப்ளி எரிச்சலாகி, ‘இவன் கிளிப்பிள்ளை மாதிரி ரைட் ரைட் என்கிறான்’ என்பாள். ‘நீ என்ன கிளியா?’ என்று பார்க்கர் கேட்க, அதற்கும் பதில் “ரைட்.” எனக்கு விண்வெளிப் படமும் பேய்ப் படமும் பிடிக்காது என்று இயக்குநர் ரிட்லி ஸ்காட்டிடம் முதலிலேயே சொல்லிவிட்டுத்தான் ஒப்புக்கொண்டாராம்.

அந்தச் சாவுக் காட்சியை ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். பூனையைக் கூப்பிட்டுக்கொண்டே மேலிருந்து சங்கிலிகள் தொங்கும் ஒரு பெரிய கூடத்துக்குள் போகிறார். எங்கிருந்தோ தண்ணீர் சொட்டுகிறது. நின்று, தொப்பியைக் கழற்றி, முகத்தை நிமிர்த்தி அந்தத் தண்ணீரை வாங்கிக்கொள்கிறார். கதைக்கு அது தேவையே இல்லை. வேலை செய்து களைத்த ஒருவன், யாரும் பார்க்காத நேரத்தில், கிடைத்த குளிர்ச்சியை அனுபவிக்கிறான், அவ்வளவுதான். அந்தச் சில நொடிகளில் அவன் நமக்குத் தெரிந்தவனாகிவிடுகிறான். பின்னால் அந்த மிருகம் இறங்கும்போது வயிற்றைப் பிசைவதற்குக் காரணம் அதன் பல் மட்டும் இல்லை.

‘காட்ஃபாதர்’லயும் இருக்காராமே, எங்க?

இரண்டாம் பாகத்தில். சாட்சி சொல்ல ஒப்புக்கொண்ட ஃபிராங்க் பென்டாஞ்சலியைக் காவல் காக்கும் எஃப்.பி.ஐ. ஆட்களில் ஒருவர். கண்ணை இமைத்தால் போச்சு.

சின்ன வேஷங்கள்ல ஒண்ணே ஒண்ணு பாருன்னா எதைச் சொல்வீங்க?

‘ஸ்ட்ரெய்ட் டைம்’, 1978. உலு குரோஸ்பார்டு இயக்கியது. டஸ்டின் ஹாஃப்மன் சிறையிலிருந்து வெளியே வந்த திருடன். பழைய கூட்டாளி ஜெர்ரியைத் தேடிப் போகிறான். ஜெர்ரிதான் ஸ்டாண்டன். திருந்திவிட்டார். புறநகரில் வீடு, நீச்சல் குளம், நல்ல மனைவி. குளத்தங்கரையில் உட்கார்ந்து சாப்பாடும் பேச்சுமாக இருக்கிறார்கள். எல்லாம் எவ்வளவு நன்றாகப் போகிறது என்று பேச்சு நடக்கிறது. மனைவி ஏதோ எடுக்க வீட்டுக்குள் போகிறாள்.

அவள் தலை மறைந்ததும் ஜெர்ரி, ‘என்னை இங்கிருந்து கூட்டிக்கொண்டு போய்விடு’ என்று சொல்கிறார். குரலை உயர்த்துவதில்லை, நாற்காலியில் இருந்து அசைவதுகூட இல்லை. அதைச் சிரிப்புக் காட்சியாகவும் எடுத்துக்கொள்ளலாம், நான் பார்த்த கூட்டங்களில் பாதிப் பேர் சிரித்திருக்கிறார்கள். ஆனால் மறுபடி திருடப் போய் அவர் சாகப்போவது அந்த ஒற்றை வரியிலேயே முடிவாகிவிடுகிறது. வசனம் எழுதியவருக்குப் பாதிப் பெருமை உண்டு. மீதி, அதை ஒரு தகவல் போலச் சொன்னவருக்கு.

அம்பத்தேழு வயசுல திடீர்னு எப்படி கதாநாயகன் ஆனார்?

மதுக்கடைப் பேச்சில் தொடங்கியது. 1983இல் நியூ மெக்சிகோவின் சாண்டா ஃபேயில் நாடகாசிரியர் சாம் ஷெப்பர்டோடு குடித்துக்கொண்டிருந்தபோது, தனக்கு வரும் வேஷங்களெல்லாம் அலுத்துவிட்டன, கொஞ்சம் அழகும் மென்மையும் உள்ள ஒன்றைச் செய்ய ஆசை என்று புலம்பியிருக்கிறார். வேஷம் கேட்டுப் பேசிய பேச்சு இல்லை. பிறகு ஷெப்பர்டு கூப்பிட்டு, தான் எழுதும் படத்தில் முக்கிய வேஷம் உனக்கு என்றார்.

படத்தின் இயக்குநர் ஜெர்மனியரான விம் வெண்டர்ஸ். அவர் முதலில் அந்த வேஷத்துக்கு ஷெப்பர்டையேதான் கேட்டார், ஷெப்பர்டு மறுத்துவிட்டார். ஸ்டாண்டனுக்கும் தயக்கம் இருந்தது. மனைவியாக வரும் நஸ்டாசியா கின்ஸ்கிக்கு அப்போது இருபத்திரண்டு இருபத்திமூன்று வயதுதான். ஆனால் கதையிலேயே அவன் அவளைவிட ரொம்ப மூத்தவன் என்பதால், அந்த இடைவெளி உறுத்தவேண்டிய இடத்தில் சரியாக உறுத்துகிறது. 1984 கான் திரைப்பட விழாவில் படம் தங்கப் பனை விருது வாங்கியது.

பாரிஸ்னு பேர் வச்சிட்டு ஃபிரான்ஸையே காட்டலையே?

டெக்சாஸ் மாநிலத்தின் வடகிழக்கில் பாரிஸ் என்று நிஜமாகவே ஒரு ஊர் இருக்கிறது. கதாநாயகன் டிராவிஸ் தான் கருவான இடம் அதுதான் என்று நம்பி அங்கே ஒரு காலி மனை வாங்கி வைத்திருக்கிறான். மனையின் போட்டோவைப் பையில் வைத்துக்கொண்டு அலைகிறான். அந்த ஊரையும் படத்தில் காட்டவில்லை. அங்கே படப்பிடிப்பே நடக்கவில்லை.

முதல் அரை மணி நேரம் ஆள் பேசவே மாட்டேங்கிறார். ஊமையா?

இல்லை, பேச்சை விட்டவன். நாலு வருஷம் காணாமல் போயிருந்தவன் பாலைவனத்திலிருந்து நடந்து வருகிறான். சிவப்புத் தொப்பி, அழுக்கேறிய கோட்டு, கையில் தண்ணீர் கேன். ஒரு கடைக்குள் புகுந்து ஐஸை வாயில் போட்டு மென்றுவிட்டு மயங்கி விழுகிறான். தம்பி வந்து கூட்டிப்போகும்போதும் வாய் திறப்பதில்லை. கடைசியில் வரும் முதல் சொல் “பாரிஸ்.”

நிக்கல்சன் சொன்ன யோசனைக்கு இதைவிடப் பெரிய சோதனை கிடையாது. ராபி முல்லரின் கேமரா அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கிறது, ரை கூடரின் கிதார் இழுக்கிறது, ஸ்டாண்டன் நடக்கிறார். வேறு நடிகராக இருந்தால் துயரத்தை நமக்குக் காட்ட முயன்றிருப்பார். இவர் முகத்தில் துயரம் என்று தனியாக எதுவும் இல்லை. வழி மட்டும்தான் தெரிகிறது.

அந்தக் கண்ணாடி ரூம் சீன் புரியல. ஏன் முதுகைக் காட்டி உட்கார்றார்?

மனைவி ஜேன் ஹூஸ்டனில் காசுக்குப் பெண்களைப் பார்த்துப் பேசும் ஒரு இடத்தில் வேலை செய்கிறாள். நடுவில் ஒரு கண்ணாடி. வாடிக்கையாளருக்கு அவள் தெரிவாள், அவளுக்குத் தன் பிம்பம் மட்டும்தான் தெரியும். பேச்சு தொலைபேசியில். டிராவிஸ் முதல் தடவை போய்த் தான் யாரென்று சொல்லாமலே திரும்பிவிடுகிறான். இரண்டாம் தடவை நாற்காலியைத் திருப்பிப் போட்டு, அவளுக்கு முதுகு காட்டி உட்கார்ந்துகொண்டு, ‘எனக்கு ரெண்டு பேரைத் தெரியும்’ என்று யாரோ இருவரின் கதை போலத் தங்கள் கதையைச் சொல்ல ஆரம்பிக்கிறான்.

அவனுக்கு மட்டும் அவளைப் பார்க்க முடிகிறது, அவளுக்கு அவனைப் பார்க்க முடியவில்லை. அந்தச் சலுகையை அவன் வேண்டாமென்று வைக்கிறான் என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன். முகத்தைப் பார்த்துக்கொண்டே அந்தக் கதையைச் சொல்லத் தைரியம் இல்லை என்பதும் உண்மையாக இருக்கலாம். நீளமான பேச்சு, ஏறக்குறைய ஒரே தொனியில் போகிறது. அவள் அடையாளம் கண்டுகொள்ளும் நொடியை நாம் கின்ஸ்கியின் முகத்தில்தான் பார்க்கிறோம். பிறகு அவள் தன் பக்கத்து விளக்கை அணைக்கிறாள், அவன் மேஜை விளக்கைத் தன் முகத்துக்குத் திருப்புகிறான், அப்போதுதான் அவளுக்கு அவன் தெரிகிறான். படப்பிடிப்பு தொடங்கியபோது இந்தப் பேச்சு எழுதப்படவே இல்லை. வேறொரு படத்தில் நடித்துக்கொண்டிருந்த ஷெப்பர்டு இதைத் தொலைபேசியில் வெண்டர்ஸுக்குச் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார்கள்.

பொண்டாட்டி கால்ல மணி கட்டி, அடுப்போட சேர்த்துக் கட்டிப் போட்டவன். அவனுக்கு ஏன் நாம பரிதாபப்படணும்?

பரிதாபப்பட வேண்டும் என்று கட்டாயம் இல்லை. இந்தக் கேள்வியைப் பெரும்பாலும் பெண்கள்தான் கேட்கிறார்கள், நியாயமான கேள்வி. அவள் இரவில் ஓடிவிடக்கூடாது என்று காலில் மணி கட்டியதும், இடுப்புவாரால் அடுப்போடு கட்டியதும் அவன் வாயாலேயே வருகிறது. குடியும் சந்தேகமும் சேர்ந்தால் ஒரு வீடு எப்படி நரகமாகும் என்பதைப் படம் மழுப்பவில்லை.

படம் அவனை மன்னிக்கச் சொல்கிறதா என்றால், எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஸ்டாண்டன் அந்த இடத்தில் அழுது தீர்த்திருந்தால் நம் கவனம் அவள் பட்ட பாட்டை விட்டுவிட்டு அவன் கண்ணீருக்குப் போயிருக்கும். அவர் குரலில் மன்னிப்புக் கேட்கும் தொனியும் இல்லை, தன்னைத் தானே அடித்துக்கொள்ளும் தொனியும் இல்லை. நடந்ததை நடந்தபடி சொல்கிறார். கடைசியில் டிராவிஸ் தங்கள் பையனை அவன் அம்மாவிடம் சேர்த்துவிட்டுத் தான் அங்கே தங்காமல் போய்விடுகிறான். தனக்கு அந்த வீட்டில் இடமில்லை என்று அவனுக்கே தெரிந்திருக்கிறது. ஆனாலும், நாற்காலியைத் திருப்பிப் போட்டதையும் கதையை அவனே சொல்வதையும் வைத்து, படம் அவன் பக்கம் சாய்கிறது என்று ஒருவர் வாதாடினால் நான் முழுசாக மறுக்க மாட்டேன்.

அதே வருஷம் வேற படமும் வந்துச்சாமே?

1984 அவருக்கு விசித்திரமான வருஷம். அலெக்ஸ் காக்ஸின் ‘ரெப்போ மேன்’ படத்தில் தவணை கட்டாதவர்களின் காரைத் தூக்கும் சீஸிங் ஆள். பட் என்று பெயர், தொழிலுக்கென்று ஒரு தர்மம் வைத்திருப்பவர், புதிதாகச் சேர்ந்த பையனுக்கு (எமிலியோ எஸ்டெவஸ்) அதை ஓதிக்கொண்டே இருப்பார். ஒளிப்பதிவு இதிலும் ராபி முல்லர்தான். அதே முகம் பாலைவனத்தில் ஊமையாகவும் லாஸ் ஏஞ்சலஸில் வாய் ஓயாமலும் இருப்பதை அடுத்தடுத்துப் பார்க்கலாம்.

மூன்றாவது ‘ரெட் டான்’. அமெரிக்காவை ரஷ்யர்கள் பிடித்துவிடும் கதை. முள்வேலிக்குப் பின்னால் நின்று மகன்களிடம் ‘எனக்காகப் பழி வாங்குங்கள்’ என்று கத்தும் அப்பா. அடக்கமாகவே நடிப்பவர் என்று நான் இவ்வளவு நேரம் சொன்னதற்கு எதிர்ச்சாட்சி வேண்டுமானால் இந்தக் காட்சியைக் காட்டலாம்.

அப்புறம் ஏன் ஹீரோவாவே தொடரல?

அறுபதை நெருங்கும் ஒட்டிய முகத்துக்கு ஹாலிவுட் வருஷத்துக்கு எத்தனை கதாநாயகன் வேஷம் எழுதும்? ‘பிரெட்டி இன் பிங்க்’ படத்தில் வேலை போன அப்பா, ஸ்கோர்செஸியின் ‘தி லாஸ்ட் டெம்ப்டேஷன் ஆஃப் கிரைஸ்ட்’ படத்தில் பவுல், ‘தி கிரீன் மைல்’ படத்தில் மரண தண்டனை ஒத்திகைக்காக மின்சார நாற்காலியில் உட்காரும் டூட் டூட் என்று மறுபடியும் பழைய பாதைக்கே வந்துவிட்டார். 2006இல் தொடங்கிய ‘பிக் லவ்’ தொடரில் பலதார மதக்குழு ஒன்றின் தலைவர் ரோமன் கிரான்ட். புன்னகைத்துக்கொண்டே மிரட்டுகிற வில்லன்.

ஆஸ்கர் எத்தனை?

பூஜ்யம். பரிந்துரைகூட இல்லை. ‘பாரிஸ், டெக்சாஸ்’ படத்துக்கே எந்தப் பிரிவிலும் பரிந்துரை கிடைக்கவில்லை.

துணை நடிகருக்கான ஆஸ்கர் 1936ஆம் ஆண்டுப் படங்களிலிருந்து உண்டு. அந்தப் பிரிவில் மூன்று முறை ஜெயித்த வால்டர் பிரென்னனும் குணச்சித்திர நடிகர்தான். ஆகவே இந்த வகை நடிகர்களை ஹாலிவுட் கண்டுகொள்வதில்லை என்பது சரியில்லை. விருதுக் குழுக்களுக்கு ஒரு காட்சியை வெட்டிக் காட்டினால் ‘ஆஹா’ என்று தோன்ற வேண்டும். ஸ்டாண்டனின் நல்ல காட்சிகளை வெட்டி எடுத்தால் ஒருவர் சும்மா உட்கார்ந்திருப்பது போலத்தான் தெரியும்.

ஏதோ ‘ஸ்டாண்டன் விதி’ன்னு சொல்றாங்களே?

விமர்சகர் ரோஜர் எபர்ட் வேடிக்கையாக வகுத்தது. ஹாரி டீன் ஸ்டாண்டனோ, இன்னொரு குணச்சித்திர நடிகரான எம். எம்மெட் வால்ஷோ துணை வேடத்தில் இருக்கும் எந்தப் படமும் முழுக்க மோசமாக இருக்க முடியாது என்பது விதி. இருவரின் பெயரையும் சேர்த்து ஸ்டாண்டன்–வால்ஷ் விதி என்பார்கள். பிறகு எபர்டே விதிவிலக்கும் கண்டுபிடித்தார். ஸ்டாண்டன் பக்கம் 1989இன் ‘டிரீம் எ லிட்டில் டிரீம்’, வால்ஷ் பக்கம் 1999இன் ‘வைல்டு வைல்டு வெஸ்ட்’.

விதியைக் கவனமாகப் படியுங்கள். படம் நன்றாக இருக்கும் என்று அதில் இல்லை.

டேவிட் லிஞ்ச் படம் எதுல பார்த்தாலும் வர்றாரே?

‘வைல்டு அட் ஹார்ட்’, ‘ட்வின் பீக்ஸ்: ஃபயர் வாக் வித் மீ’, ‘தி ஸ்ட்ரெய்ட் ஸ்டோரி’, ‘இன்லேண்ட் எம்பயர்’, கடைசியாக 2017இன் ‘ட்வின் பீக்ஸ்’ தொடர். இயக்குநர் லிஞ்சுக்கு மௌனம் பிடிக்கும், இவருக்கும்தான். இருவரும் சேர்ந்து உட்கார்ந்து பேசும் காட்சி சோஃபி ஹூபர் எடுத்த ‘பார்ட்லி ஃபிக்ஷன்’ என்ற 2012 ஆவணப்படத்தில் இருக்கிறது. உங்களை எப்படி நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று லிஞ்ச் கேட்க, அது முக்கியமில்லை என்று சொல்லிவிட்டு அமைதியாகிவிடுவார்.

இவற்றில் ‘தி ஸ்ட்ரெய்ட் ஸ்டோரி’ (1999) தனி ரகம். பேச்சு முறிந்துபோன அண்ணன் லைலுக்குப் பக்கவாதம் என்று கேள்விப்பட்ட கிழவர் ஆல்வின், கார் ஓட்ட முடியாததால் புல்வெட்டும் வண்டியிலேயே அயோவாவிலிருந்து விஸ்கான்சின் வரை போகிறார். நிஜத்தில் நடந்தது. படம் முழுக்க ரிச்சர்டு ஃபார்ன்ஸ்வொர்த். லைல் வேஷத்தில் ஸ்டாண்டன் வருவது கடைசிச் சில நிமிடங்கள் மட்டும். ஊன்றுகோல் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு திண்ணைக்கு வருகிறார், தம்பியை உட்காரச் சொல்கிறார், வெளியே நிற்கும் அந்த வண்டியைப் பார்க்கிறார், என்னைப் பார்க்க இதிலேயா இவ்வளவு தூரம் வந்தாய் என்று கேட்கிறார். வண்டிக்கும் தம்பிக்கும் நடுவே அந்தக் கண் போய்வரும் விதத்தைப் பாருங்கள். அண்ணன் தம்பிச் சண்டை என்றால் நம் படங்களில் கட்டிப்பிடித்து அழுதால்தான் முடிந்ததாக அர்த்தம். இங்கே தொடுவதுகூட இல்லை.

நல்லா பாடுவாராமே? சும்மா பொழுதுபோக்கா?

பொழுதுபோக்கைவிடக் கொஞ்சம் மேலே. நடிப்புக்கு முன்பே ஆண்கள் பாடற்குழு ஒன்றோடு ஊர் ஊராகப் போனவர். பிற்காலத்தில் லாஸ் ஏஞ்சலஸில் தன் குழுவோடு மேடை ஏறினார். கிதார், ஹார்மோனிகா, ஸ்பானிய மொழிப் பாட்டுகள். ‘பாரிஸ், டெக்சாஸ்’ இசைத்தொகுப்பில் வரும் ‘கான்சியோன் மிஸ்டெகா’ இவர் குரல்தான். சொந்த ஊரைப் பிரிந்தவனின் மெக்சிகோப் பாட்டு. பாடகரின் குரல் என்று சொல்ல முடியாது, கொஞ்சம் நடுங்கும். அதுதான் எனக்குப் பிடித்தது.

‘அவெஞ்சர்ஸ்’ல வந்தாருன்னு என் பையன் சொல்றான். சும்மா விடுறானா?

பையன் சரி. 2012 படத்தில் ஹல்க் வானத்திலிருந்து விழுந்து மறுபடி மனிதனாகக் கண் விழிக்கும்போது எதிரே நிற்கும் காவலாளி. நீ ஏலியனா என்று கேட்பார். யார் கேட்கிறார் என்று தெரிந்தவர்கள் தியேட்டரில் சிரித்த இடம் அது.

‘லக்கி’ அவரோட சொந்தக் கதையா?

அவரை வைத்து எழுதிய கதை. எழுதிய இருவரில் ஒருவர் ஸ்டாண்டனோடு பல வருஷம் கூட இருந்தவர். இயக்கிய ஜான் கேரல் லிஞ்சும் ஒரு குணச்சித்திர நடிகரே, டேவிட் லிஞ்சுக்குச் சொந்தம் இல்லை. பாலைவனச் சிற்றூரில் தனியாக வாழும் தொண்ணூறு வயதுக் கிழவர், கடவுள் நம்பிக்கை இல்லாதவர். காலையில் யோகா, ஒரு டம்ளர் பால், சிகரெட், குறுக்கெழுத்து. ஒருநாள் காரணமில்லாமல் மயங்கி விழுகிறார். அதன் பிறகு சாவைப் பற்றி யோசிக்க ஆரம்பிக்கிறார், படம் அவ்வளவுதான். லக்கி என்ற பட்டப்பெயர் ஏன் வந்தது தெரியுமா? கடற்படையில் சமையல்காரராக இருந்ததால் சண்டையில் தப்பித்தவர் என்று. ஊரைப் பற்றிய கேள்வியில் ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னது இதைத்தான். ஸ்டாண்டனும் கல்யாணம் செய்துகொள்ளாமல் தனியாகவே வாழ்ந்தவர்.

டேவிட் லிஞ்ச் இதில் ஓடிப்போன ஆமைக்காக ஏங்கும் நண்பராக நடிக்கிறார், ஆமையின் பெயர் பிரெசிடென்ட் ரூஸ்வெல்ட். ஒரு காட்சியில் உணவகத்தில் லக்கியிடம் ஒக்கினாவாவைப் பற்றிப் பேசும் முன்னாள் போர்வீரர் டாம் ஸ்கெரிட். ‘ஏலியன்’ கப்பலின் கேப்டன் அவர். முப்பத்தெட்டு வருஷம் கழித்து இருவரும் ஒரே மேஜையில். 2017 செப்டம்பர் 15 அன்று ஸ்டாண்டன் தன் 91ஆம் வயதில் இறந்தார், இரண்டு வாரம் கழித்துப் படம் அமெரிக்கத் திரையரங்குகளுக்கு வந்தது.

அவர் அவராவே இருந்தார்னு நீங்களே சொல்றீங்க. அப்போ அது நடிப்பா?

இதற்கு ‘லக்கி’தான் நல்ல சோதனை. வாழ்க்கை அவருடையது, பழக்கங்கள் அவருடையவை. ஆனாலும் லக்கி ஒரு சிற்றூரின் சிடுசிடுப்புக் கிழவன், அவனுக்கு எந்தப் படமும் தெரியாது. நூறு படத்தில் நடித்தவர் அந்த அறியாமையோடு ஒரு பால் டம்ளரைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பது தானாக வருவதில்லை. நீங்கள் நீங்களாகவே கேமரா முன்னால் நடந்து பாருங்கள், கையை எங்கே வைப்பது என்றே தெரியாது.

இன்னொன்று. ‘ஸ்ட்ரெய்ட் டைம்’ ஜெர்ரி, ‘ஏலியன்’ பிரெட், டிராவிஸ், ரோமன் கிரான்ட் நால்வருக்கும் ஒரே முகம், ஏறக்குறைய ஒரே குரல். ஆனால் ஜெர்ரியின் இடத்தில் பிரெட்டை உட்கார வைத்தால், சாப்பாட்டை ரசித்துவிட்டு அங்கேயே தூங்கியிருப்பான். ஆள் மாறியிருக்கிறது, எங்கே மாறியது என்றுதான் கண்டுபிடிக்க முடியவில்லை. எனக்கு அவ்வளவு சின்ன மாற்றம் போதும். உருமாறி நடிப்பதுதான் நடிப்பு என்பவர்களுக்கு இவர் கடைசிவரை ஏமாற்றமாகத்தான் இருப்பார், அவர்களோடு சண்டை போட எனக்கு ஆசை இல்லை.

எதுல ஆரம்பிக்கிறது? வரிசை சொல்லுங்க.

‘ஏலியன்’ எல்லோரும் பார்த்ததுதான், ஆனால் பிரெட்டை மட்டும் கவனித்து இன்னொரு தடவை பாருங்கள். பிறகு ‘ஸ்ட்ரெய்ட் டைம்’. சிரிக்க வேண்டுமென்றால் ‘ரெப்போ மேன்’. ‘பாரிஸ், டெக்சாஸ்’ இரண்டரை மணி நேரம் மெதுவாகப் போகும். ராத்திரி பத்து மணிக்கு மேல் போட்டால் தூங்கிவிடுவீர்கள், ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் பெரியவர்களோடு சேர்ந்து பார்க்க ‘தி ஸ்ட்ரெய்ட் ஸ்டோரி’, முகம் சுளிக்க ஒரு காட்சி கிடையாது. ‘லக்கி’யைக் கடைசிக்கு வையுங்கள். மற்றவற்றைப் பார்க்காமல் அதை முதலில் பார்த்தவர்கள், ஒரு தாத்தா நடந்துகொண்டே இருக்கிறார் என்று என்னிடம் குறைப்பட்டிருக்கிறார்கள்.